இடது பக்கம் இழுத்த விமானம்

“பாட்டரி சுவிட்ச் போட்டீங்களா?”

பூங்குழலியின் பிழைப்பே இந்த ஒரு கேள்வியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் திண்ணனூர் நாடு என்கிற மலைக்கிராமத்திலிருந்து பஸ் பிடித்து செம்மேட்டில் இறங்குவாள். ருக்குமணியின் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, இன்டர்நெட் லைன் கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்கும்வரை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். வந்திருக்கும் மெயிலைத் திறந்தால் முதலில் நிற்பது ஒரே புகாராகத்தான் இருக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, உங்கள் விமானம் சுத்த மோசம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஐயா, பாட்டரி சுவிட்சைப் போட்டீர்களா என்று இவள் மரியாதையாக எழுதிக் கேட்பாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘ஓ’ என்று பதில் வரும். அவ்வளவுதான். மன்னிப்பு கிடையாது, நன்றி கிடையாது, வெறும் ஓ.

விமானம் என்றால் நிஜ விமானம் இல்லை. கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விமானம். அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. போட்டுக்கொண்டால் திரையில் ஓடுபாதையும் வானமும் வந்துவிடும். நாலைந்து விமானங்களை அதிலேயே கொடுத்திருப்பார்கள். ஆனால் சில பேருக்கு அது போதாது. நிஜ விமானத்தில் இருக்கிற அத்தனை சுவிட்சும் வேண்டும், அத்தனையும் வேலை செய்ய வேண்டும், தப்பாகத் திருகினால் எஞ்சின் நின்றுபோக வேண்டும். இவர்களுக்காகவே தனியாக விமானம் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கோயமுத்தூரில் இருந்த ஜீவானந்தம் அப்படி ஒன்றைச் செய்திருந்தார். இரண்டு பேர் உட்காரும் சின்னப் பயிற்சி விமானம். அதை ஓட்டுவதற்கான ஜாய்ஸ்டிக் குச்சியையும் சேர்த்து ஒரே பெட்டியாக விற்றார். உள்ளூரில் பெட்டி, வெளிநாட்டுக்கு மென்பொருள் மட்டும். வாங்கியவர்களின் ஒப்பாரியைக் கேட்பது பூங்குழலியின் வேலை.

இதில் விளையாட்டு என்கிற வார்த்தையை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் ஒரு பக்கம் முழுக்கக் கோபமாக மெயில் வரும்.

ஜீவானந்தம் ராசிபுரத்தில் அவளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர். நல்ல மனுஷன்தான், முன்கோபம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. சாமி, பூதம் எதுவும் அவருக்கு ஆகாது. அவர் ஆபீசில் தொங்குகிற காலண்டரில்கூட மலையும் ஆறும்தான் இருக்கும். வாத்தியார் வேலையை விட்டு விமானம் செய்ய உட்கார்ந்தபோது பூங்குழலியைக் கூப்பிட்டார். அவளும் கோயமுத்தூர் போனாள். புருஷன் செங்கோடனுக்கு மலையில் மரவள்ளியும் மிளகும் இருந்தன. அதை விட்டு அவன் அசைய முடியாது. மகள் சத்யா அப்போது கைக்குழந்தை. அவளைச் செங்கோடனும் அவன் வீட்டு ஆட்களும் பார்த்துக்கொண்டார்கள். பூங்குழலி லீவு கிடைத்தபோதெல்லாம் எழுபது வளைவும் குமட்டக் குமட்ட மலையேறி வருவாள்.

இரண்டாவது வருஷம் ஒரு தடவை அப்படி வந்து நின்றபோது, சத்யா அப்பன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “இந்த அக்கா எப்பப் போவாங்க?” என்று கேட்டது.

பூங்குழலி மறுநாளே கோயமுத்தூர் போய், வேலை வேண்டாம் சார் என்று அழுதுவிட்டாள். ஜீவானந்தம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே யோசித்தார். “அழுகையை நிறுத்தும்மா. உங்க ஊர்ல போன் இருக்குதா? கரண்ட் இருக்குதா? அப்ப கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டு அங்கயே போயிரு. ஆனா ஒண்ணு. வேலை கெட்டுப்போச்சுன்னா திரும்பி இங்கதான் வரணும்” என்றார். செம்மேட்டில் அறை கிடைத்தது அப்படித்தான். இப்போது இரண்டாயிரத்து ஐந்து. சத்யாவுக்கு ஆறு வயது. அக்கா என்று கூப்பிட்டதெல்லாம் அதற்கு நினைவே இல்லை. அம்மாவுக்குத்தான் மறக்கவில்லை.

அதனால்தான் எத்தனை வயிற்றெரிச்சலையும் பொறுத்துக்கொண்டாள். கொஞ்சமா கொட்டினார்கள்? கேரளத்து டாக்டர் ஒருவர் முழு வேகத்தில் ஏறிக்கொண்டே போய் எஞ்சினைக் கருக்கிவிட்டு, புது எஞ்சின் அனுப்பவும் என்று எழுதினார். ஜெர்மனிக்காரர் ஒருவர், சீட் பெல்ட் கொக்கி நிஜத்தைவிடக் கொஞ்சம் வெளிறியிருக்கிறது என்று படத்தோடு ஒரு கட்டுரையே அனுப்பினார். இன்னொருவர் பெட்ரோல் குழாயைத் திறக்காமலே மேலே கிளம்பி, பாதி வழியில் விழுந்து, அதற்கு இவளைத் திட்டினார். நிஜம் மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். நிஜம் மாதிரியே மக்கர் செய்தால் குய்யோ முறையோ என்பார்கள். ஜீவானந்தம் தலையணை மொத்தத்துக்கு ஒரு கையேடு எழுதி வைத்திருந்தார். அதை முழுசாகப் படித்தது உலகத்திலேயே பூங்குழலி ஒருத்திதான்.

எல்லாருக்கும் மேலே ஒருவர் இருந்தார். வெங்கிடுசாமி. மலைக்குக் கீழே, அடிவாரத்தில் கிணறும் தோட்டமுமாக இருக்கிற சம்சாரி. அமெரிக்காவில் இருக்கிற மகன் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தான். அவருக்கு மெயில் எழுத வராது, போன்தான்.

“ஏங்கண்ணு, நம்ம ஏரோப்ளேன் இன்னைக்கும் கெளம்பமாட்டேங்குது.”

“பாட்டரி சுவிட்ச் போட்டீங்களாங்க?”

“அதெல்லாம் அப்பவே போட்டாச்சு.”

“ஒருக்கா பாத்துச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்கும். அப்புறம், “அட, இப்பக் கெளம்பிருச்சு கண்ணு! நீ நல்லா இருக்கோணும் சாமி” என்று வைத்துவிடுவார். நாலு நாள் கழித்து மறுபடியும் கூப்பிடுவார். மறுபடியும் அதே ஏரோப்ளேன், அதே பாட்டரி. பூங்குழலி ரிசீவரை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். கடையிலிருந்து ருக்குமணி, “பைலட்டா?” என்று கேட்டுச் சிரிப்பாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ருக்குமணிக்கு பூஜை என்றால் உயிர். ஜெராக்ஸ் மிஷினைக் கழுவித் துடைத்து மாலை போட்டாள். கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், பக்கத்துப் பெட்டிக்கடைத் தராசு, போன், ஸ்டூல் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தாள். பின்னறைக்கும் வந்து கம்ப்யூட்டருக்கும் ஜாய்ஸ்டிக்குக்கும் வைத்துவிட்டுப் போனாள். பூங்குழலி பொரியும் கடலையும் வாங்கித் தின்றுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அடுத்த வாரமே வெங்கிடுசாமி கூப்பிட்டார்.

“கண்ணு, ப்ளேன் எடது பக்கமா இழுக்குது.”

“கை சாஞ்சிருக்கும்ங்க. கையை எடுத்துட்டுப் பாருங்க.”

“கையை எடுத்தாத்தான் கண்ணு இழுக்குது. நேரா மேலூரு போலாம்னு பாத்தா, சுத்திக்கிட்டு நம்ம தோட்டத்துக்கே வந்து நிக்கிது.”

அன்றைக்குத் தொடங்கியது ஏழரை. கம்ப்யூட்டரை நிறுத்திப் போடச் சொன்னாள். வயரைக் கழற்றி மாட்டச் சொன்னாள். விமானத்தையே அழித்துவிட்டுச் சி.டி.யிலிருந்து மறுபடி ஏற்றச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் செய்து முடிப்பதற்குள் அவளுக்கு நெஞ்சு வறண்டுவிடும். கடைசியில் குச்சியைச் சரிபார்க்கச் சொன்னாள். “குச்சியைக் கையில புடிச்சு, நேரா நடுவுல நிறுத்தி, பொத்தானை அமுக்குங்க.” அமுக்கினார். திரையில் புள்ளி நட்ட நடுவில் வந்து நின்றது. குச்சியில் தப்பில்லை என்று ஆகிவிட்டது. விமானம் மட்டும் இடது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் கரூரிலிருந்து ஒருவர் இதையே எழுதினார். சிவகாசியிலிருந்து ஒருவர். மைசூரிலிருந்து இரண்டு பேர். இத்தனை பேரும் பொய் சொல்வார்களா என்று பூங்குழலி தன் கம்ப்யூட்டரிலேயே விமானத்தைக் கிளப்பினாள். மேலே ஏற்றி, நேராக்கி, கையை எடுத்தாள். விமானம் மெல்ல இடது பக்கம் சாய்ந்தது. மறுபடி பார்த்தாள், மறுபடியும் சாய்ந்தது. வெங்கிடுசாமியை இத்தனை நாளாக மனசுக்குள் வைததை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது.

ஜீவானந்தத்துக்குப் போன் போட்டாள்.

“இங்க இழுக்கலியேம்மா.”

“எனக்கு இழுக்குதுங்க சார். என்ற கண்ணால பாத்தனுங்க.”

“நீயே பாத்தியா?” அவர் குரல் மாறிவிட்டது. “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். என் குச்சி பழசு, அதை நம்பக் கூடாது.”

அந்த மனுஷன் சோறு தண்ணி பார்க்காமல் உட்கார்ந்து, விமானத்தை வலது பக்கம் கொஞ்சமாகத் தள்ளுகிற மாதிரி ஒரு திருத்தம் எழுதினார். அவருடைய குச்சியில் அது வலது பக்கம் சாயத்தான் செய்தது. பழைய குச்சியின் கோளாறு என்று தள்ளிவிட்டார். பூங்குழலி போட்டுப் பார்த்தாள். விமானம் கயிறு பிடித்த மாதிரி நேராகப் போனது. வெங்கிடுசாமிக்குச் சி.டி. கொடுத்தனுப்பினார்கள்; “ஆஹா, மேலூருக்கே போயிருச்சு கண்ணு!” என்று கூத்தாடினார். கரூரும் சிவகாசியும் வாழ்த்தி எழுதின. ஜீவானந்தம் அதை உலகத்துக்கே அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பூங்குழலி மெயிலைத் திறந்தாள். இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அந்தக் கேரளத்து டாக்டர். எல்லாருக்கும் ஒரே வயிற்றெரிச்சல். நன்றாக இருந்த விமானத்தைக் கெடுத்துவிட்டீர்கள், வலது பக்கம் இழுக்கிறது. சீட் பெல்ட் ஜெர்மனிக்காரர் எத்தனை டிகிரி இழுக்கிறது என்று அளந்தே அனுப்பியிருந்தார். இவர்கள் எழுதிப் பேசிக்கொள்கிற இடத்திலெல்லாம் ஜீவானந்தத்தின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?” போனில் அவர் கத்திய கத்தல் ஜெராக்ஸ் கடைவரைக்கும் கேட்டது. “உன்னை நம்பித்தானே திருத்துனேன்? நாலு வருஷமா சேத்த பேரு நாசமாப் போச்சு. மலைமேல உக்காந்துக்கிட்டு போன்ல சப்போர்ட் பண்ணுனது போதும். திங்கக்கிழமை காலைல உன் கம்ப்யூட்டர், குச்சி, எல்லாத்தையும் கட்டிக்கிட்டு இங்க வந்து சேரு. இனிமே என் கண்ணு முன்னாடி உக்காந்து வேலை பாரு. முடியாதுன்னா சொல்லிரு, வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

“சார், பாப்பா...”

வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பையை எடுத்துத் துணிகளை அடுக்கினாள். படித்த படிப்புக்கு மலையில் வேறு வேலை கிடையாது; விட்டுவிட்டால் மறுபடி கிடைக்கவும் கிடைக்காது. செங்கோடன் வாசலில் மிளகுக் கொடிக்குக் கயிறு திரித்துக்கொண்டே, “போயிட்டு வா. பாப்பாளை நாம்பாத்துக்கறேன்” என்றான். அவன் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. இந்த நல்ல வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“நீ பாத்துக்குவே. நல்லாத்தான் பாத்துக்குவே. மறுபடியும் என்னைய அக்கான்னு கூப்புடும்” என்று பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

சத்யா எதுவும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. “எங்கம்மா போறே? எப்ப வருவே?” என்று கேட்டது. பூங்குழலி அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை செம்மேட்டில் சந்தைக்கூட்டம். கம்ப்யூட்டரைக் கட்டுவதற்குப் பழைய அட்டைப்பெட்டியும் சாக்கும் தேடிக்கொண்டு ருக்குமணி வந்தாள். அவளுக்கும் முகம் செத்துத்தான் இருந்தது. டி.வி. மாதிரி இருக்கிறதைச் சாக்கில் சுற்றினாள். அப்புறம் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள்.

“அடக் கருமமே, பூசைக்கு வெச்ச பொட்டு அப்படியே காஞ்சு கெடக்குது பாரு. இதோட கோயமுத்தூரு கொண்டு போவியா? அந்த மனுஷனுக்கு இதைக் கண்டாலே ஆகாதே” என்று முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள்.

“தேய்க்காட்டி என்ன இப்போ? குடு இங்க.”

“இருடி. அடியில ரப்பருக்குள்ள எறங்கி, கட்டியா ஒட்டிக்கிட்டிருக்குது.” ருக்குமணி நகத்தை விட்டு நெம்பினாள். காய்ந்த சந்தனக் கட்டி ஒன்று பிய்ந்து மேசையில் விழுந்தது. குச்சி தானாக லேசாக நிமிர்ந்தது.

பூங்குழலி அதைப் பார்த்துவிட்டாள்.

“அக்கா, இதை எப்ப வெச்சீங்க?”

“ஆயுத பூசைக்குத்தான். ஏன்?”

“ஏன் இந்தப் பக்கம் வெச்சீங்க? வலது பக்கம்?”

“பின்ன எங்க வெக்கறது? முன்னால பூரா பொத்தானு. எடது பக்கம் அந்தக் கைப்புடி. காலியா இருக்கறது இந்தப் பக்கந்தானே?”

வலது பக்க அடியில் சந்தனம் கட்டிதட்டி முட்டுக்கொடுத்ததால் குச்சி இடது பக்கம் துளி சாய்ந்தே நின்றிருக்கிறது. கையால் பிடித்து நிறுத்தும்வரை நடுவில் நிற்கும், விட்டால் சாயும். பிடித்து நிறுத்தச் சொன்னதே இவள்தான். ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே அந்தப் பொட்டு இருந்தது. ஆனால் பொட்டை யார் பார்க்கிறார்கள்? தராசில் இருக்கிறது, பஸ்ஸில் இருக்கிறது, அரிவாள்மணையில் இருக்கிறது. கதவில் தாழ்ப்பாள் இருக்கிற மாதிரி அதுவும் இருக்கிறது, அவ்வளவுதான்.

பாய்ந்து போனை எடுத்து அடிவாரத்துக்குப் போட்டாள்.

“ஏனுங்க, ஆயுத பூசைக்கு அந்தக் குச்சிக்குப் பொட்டு வெச்சீங்களா?”

“வெக்காம?” வெங்கிடுசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. “ஏரோப்ளேன் கண்ணு அது! டிராக்டருக்கே வெக்கறோம். மாலை போட்டு, தேங்காய் ஒடச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கத்தான் சக்கரம் இல்லாமப் போச்சு. சந்தனத்தை நல்லாத் தாராளமா அப்பி வெச்சேன்.”

“எந்தப் பக்கமுங்க?”

“வலது பக்கந்தான். மத்த பக்கமெல்லாம் பொத்தானு.”

பூங்குழலி தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. கரூரும் சிவகாசியும் மைசூரும் அடுத்தடுத்து விசாரிக்கப்பட்டன. அத்தனை பேரும் வைத்திருந்தார்கள், அத்தனை பேரும் அதே பக்கம். ஜெர்மனிக்காரன் எங்கே ஆயுத பூஜை கண்டான்? ஜீவானந்தம்தான் எங்கே கண்டார்?

அவருக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். “தப்பு என்னோடதுதானுங்க சார். இழுக்குதுன்னு நான் சொல்லாட்டி நீங்க திருத்தியிருக்கமாட்டீங்க” என்று முடித்தாள்.

லைன் போய்விட்டதோ என்று ரிசீவரைத் தட்டிப் பார்த்தாள்.

“அப்ப என் ப்ளேன்ல தப்பே இல்லியா?” என்றார் ஜீவானந்தம்.

“இல்லீங்க சார்.”

“என் குச்சியிலயும் இல்லியா?”

“இல்லீங்க.”

“பொட்டு!” என்றார் அவர். “ரெண்டு வாரமா ஒரு பொட்டுக்கு நான் கணக்கு எழுதியிருக்கேன்!” அப்புறம் சிரித்தார். சிரித்துக்கொண்டே திட்டினார், பூஜையை, சந்தனத்தை, வெங்கிடுசாமியை, தன்னையும் சேர்த்து. மூச்சு வாங்கி முடித்ததும், “அந்தத் திருத்தத்தை இன்னைக்கே எடுத்துடறேன். நீ எல்லாருக்கும் மெயில் போடு. ஜெர்மனிக்காரனுக்குக் காரணம் சொல்லிக்கிட்டிருக்காதே, தலையும் புரியாது வாலும் புரியாது” என்றார்.

“சரிங்க சார். திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டுங்க?”

“எதுக்கு?”

“கம்ப்யூட்டரைக் கட்டிட்டு வரச் சொன்னீங்களே.”

“வந்து? இங்க என் முன்னாடி உக்காந்திருந்தா இதைக் கண்டுபுடிச்சிருப்பியா? என் மேசையில ஏதும்மா பொட்டு? அவிழ்த்து மாட்டு. மெயில் குவிஞ்சு கெடக்குது, வேலையைப் பாரு.”

பூங்குழலி ரிசீவரை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். ருக்குமணி பதறிப்போய், “வேலை போயிருச்சா? நாசமாப் போன சந்தனம், நாந்தான் வெச்சேன், நானே வெச்சேன்” என்று தானும் அழ ஆரம்பித்தாள். இல்லக்கா, இல்லக்கா என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வெளியே ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆட்கள் எல்லாம் எட்டிப்பார்த்துவிட்டார்கள்.

சாக்கை அவிழ்த்து எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, மெயில்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“கண்ணு, நீ சொன்னாப்பல அந்தக் குச்சியைக் குழாயில புடிச்சு நல்லாக் கழுவிட்டேன்.”

“கழுவச் சொன்னனா? நான் எப்பங்க கழுவச் சொன்னேன்?”

“வெயில்ல காய வெச்சு மாட்டிட்டேன், பயப்படாதே. ஆனா ப்ளேன் கெளம்பமாட்டேங்குது.”

பூங்குழலி கண்ணை மூடிக்கொண்டாள். “பாட்டரி சுவிட்ச் போட்டீங்களா?”

“அதெல்லாம் அப்பவே... இரு, இரு. அட! நீ நல்லா இருக்கோணும் சாமி.”

அன்றைக்கு சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். மூலையில் எறிந்த பையின் மேல் சத்யா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மத்தியானத்திலிருந்து இறங்கவே இல்லை, சோறும் அங்கேயேதான் என்று செங்கோடன் சொன்னான். பூங்குழலி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பையைத் திறந்து துணிகளை வெளியே எடுத்தாள்.

“திங்கக்கிழமை போகலியாம்மா?”

“போகல.”

சத்யா ஒரு புடவையை எடுத்துக் கொடுத்தது. “திங்கக்கிழமை போகமாட்டியா?”

“போகமாட்டேன்.”

சோறு தின்னும்போது கேட்டது. கை கழுவும்போது கேட்டது. பாயைப் போட்டுப் படுத்த பிறகும், கண் சொருகச் சொருக, “போகமாட்டியா?” என்று கேட்டது. ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டாலே எரிந்து விழுகிற பூங்குழலி, அத்தனை தடவையும் பதில் சொன்னாள்.

“போகமாட்டேன் சாமி. எங்கயும் போகமாட்டேன்.”